எட்டு வாரத்தில் பதினெட்டு நாள்

கேள்வி: அக்கா, எனக்கு அருப்புக்கோட்டைப் பக்கம். இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங்) மூன்றாம் ஆண்டு முடிக்கப் போகிறேன். மே கடைசியிலிருந்து எட்டு வாரம் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. கல்லூரிக்கே வீட்டிலிருந்து பஸ்ஸில்தான் போய்வருகிறேன். ஹாஸ்டல்கூடப் பழக்கமில்லை. அங்கே ஒரு வாரம் எப்படிப் போகும்? வாராவாரம் ஊருக்கு வந்துவிடலாமா? அம்மா கூடவே வந்து விட்டுவிட்டுப் போகிறேன் என்கிறார், வரச் சொல்லலாமா?

பதில்:

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன். நான் கோவில்பட்டிக்காரி. 2012 கோடையில் இதே ஊருக்கு இன்டர்னாக வந்தவள். படிப்பு முடிந்ததும் வேலையும் இங்கேயே அமைந்துவிட்டது. இப்போது ஹார்டுவேர் வேலிடேஷன் லேபில் இருக்கிறேன், அதாவது புதிதாக வரும் சர்க்யூட் போர்டுகள் சொன்னபடி வேலை செய்கின்றனவா என்று அளந்து பார்க்கிற வேலை. வருஷா வருஷம் கோடையில் இரண்டு மூன்று பிள்ளைகள் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். ஆக, நாற்காலியின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

முதலில் ஒரு கணக்கு. எட்டு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், ஆக மொத்தம் 40 நாள் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். அது அட்டெண்டன்ஸ் கணக்கு. நிஜக் கணக்கு வேறு. முதல் வாரம் முழுக்க வாசலிலேயே போய்விடும். ஐ.டி. கார்டு வரும், லேப்டாப் வராது. லேப்டாப் வரும், பாஸ்வேர்டு வராது. எல்லாம் வந்த அன்று லேபுக்குள் நுழைய உன் கார்டுக்கு அனுமதி இருக்காது. ரகசியக் காப்பு ஒப்பந்தம் என்று பத்துப் பக்கம் கையெழுத்து, தீ விபத்துப் பயிற்சி வீடியோ, வரவேற்புக் கூட்டம். கடைசி வாரம் ரிப்போர்ட், பிரசன்டேஷன், லேப்டாப்பைத் திருப்பி ஒப்படைப்பது, சான்றிதழுக்கு அலைவது. நடுவில் மிஞ்சுவது ஆறு வாரம். அதிலும் திங்கள்கிழமை கூட்டத்திலும் மெயிலிலும் கரையும். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் ஆபீஸில் பாதிப் பேர் மனசு ஊருக்குப் போயிருக்கும். உருப்படியாக வேலை நடப்பது செவ்வாய், புதன், வியாழன். ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், 18 நாள். பாரதப் போரே பதினெட்டு நாள்தான், போதும். ஆனால் அந்தப் பதினெட்டில் ஒன்றைக்கூடத் துணி துவைக்கவும், வயிற்று வலியில் படுத்துக்கிடக்கவும், பஸ்ஸில் தூங்கி எழுந்த அலுப்பைத் தீர்க்கவும் கொடுத்துவிடாதே. உன் கேள்விகள் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கிலிருந்துதான் பதில் சொல்லப்போகிறேன்.

திங்கள்கிழமையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் டீம் மீட்டிங் இருக்கும். ஒவ்வொருவரும் போன வாரம் என்ன செய்தோம், இந்த வாரம் என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு நிமிஷம் பேசுவார்கள். உன் முறை வரும்போது தொண்டை அடைக்கும். எல்லோருக்கும் அடைத்ததுதான். மூன்று வரி எழுதி வைத்து வாசித்துவிடு. யாரும் சிரிக்கமாட்டார்கள், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். அவரவர் தன் முறைக்குத் தயாராகிக்கொண்டிருப்பார்கள்.

செவ்வாய் முதல் வியாழன் வரை எப்படி வீணாகும் என்பதற்கு என் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வருஷம் வந்த பிள்ளைக்கு ஒரு போர்டைக் கொடுத்து, 3.3 வோல்ட் சப்ளையில் ரிப்பிள், அதாவது வோல்டேஜ் நிலையாக நிற்காமல் ஏறி இறங்கி ஆடுவது, எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல் என்றேன். சின்ன வேலைதான். அந்த ஆட்டத்தைத் திரையில் அலையாகக் காட்டுகிற ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால் 180 மில்லிவோல்ட் ஆடுகிறது. இருக்கவே கூடாத அளவு. பிள்ளை பயந்துவிட்டாள். போர்டில் கோளாறு என்று நினைத்து கெப்பாசிட்டரைக் கழற்றி மாற்றினாள். இன்னொன்றைக் கூடுதலாக வைத்து சால்டர் பண்ணினாள். லோடைக் குறைத்தாள், கூட்டினாள். செவ்வாய் போனது, புதன் போனது, வியாழனும் போனது. நான் அந்த மூன்று நாளும் மீட்டிங் மீட்டிங்காக ஓடிக்கொண்டிருந்தேன். அவளும் அக்கா பிஸி என்று கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை போய்ப் பார்த்தேன். ஸ்கோப்போடு இணைத்து போர்டைத் தொட்டு அளக்கிற அவள் ப்ரோபிலிருந்து முதலைக் கிளிப் வைத்த கிரவுண்டு ஒயர் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கி வளைந்துபோய் போர்டின் மூலையில் கவ்விக்கொண்டிருந்தது. வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கிற பக் கன்வெர்ட்டரின் இண்டக்டர் சுருள் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த ஒயர் வளையம் ஒரு ஆன்டெனா மாதிரி அதன் ஸ்விட்ச்சிங் மின் இரைச்சலை எல்லாம் வாங்கி ஸ்கோப்புக்குள் ஊற்றிக்கொண்டிருந்தது. கிளிப்பைக் கழற்றினேன். ப்ரோபின் மேல் கொக்கியையும் உருவிவிட்டு, டப்பாவில் சும்மா கிடக்கும் சின்ன ஸ்பிரிங்கை நுனியில் மாட்டி, கெப்பாசிட்டரின் இரண்டு காலிலும் நேராகத் தொடச் சொன்னேன். ஸ்கோப்பில் பேண்ட்வித்தை 20 மெகாஹெர்ட்ஸுக்கு மட்டுப்படுத்தினோம். 25 மில்லிவோல்ட். போர்டில் கோளாறே இல்லை. அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நம் ஊர்க் கல்லூரி லேபில் ப்ரோப் என்று ஒன்றைக் கண்ணால் பார்த்திருப்போமா? இரண்டு முதலைக் கிளிப் வைத்த ஒயரைத்தானே சி.ஆர்.ஓ. என்கிற பழைய ஆசிலாஸ்கோப்பில் சொருகுவோம், அதிலும் ஒன்று அறுந்திருக்கும். குற்றம் பாதி என் மேல். ஆனால் புதன்கிழமை காலையில் ஒரு வரி மெசேஜ் போட்டிருந்தால் அந்த வாரம் தப்பித்திருக்கும். நல்லவேளை, தப்பான படத்தையும் சரியான படத்தையும் அவள் சேமித்து வைத்திருந்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடைசி பிரசன்டேஷனில் முதல் ஸ்லைடாகப் போட்டாள். அறையில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தது அந்த ஸ்லைடுக்குத்தான்.

அதனால், ஒரு மணி நேரம் நீயே முட்டிப் பார். நகரவில்லையென்றால் எழுதிக் கேள். எழுத்தில் கேட்பதுதான் நல்லது. எதை அளக்க வேண்டும், என்ன செய்து பார்த்தேன், என்ன வந்தது என்று மூன்று வரி, கூடவே ஒரு படம். மீட்டிங்கில் இருப்பவர் மேசைக்கடியில் போனைப் பார்த்துப் பதில் போட்டுவிடுவார். நேரில் பிடிக்க வேண்டுமானால் காலை பத்து மணிக்கு முன்னால், இல்லையென்றால் நாலு மணி டீயின்போது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்கிற கேள்விக்குப் பதில் திங்கள்கிழமைதான் வரும், அதற்குள் நீயே கேள்வியை மறந்திருப்பாய். இங்கிலீஷ் தப்பாக வந்துவிடுமோ என்று தள்ளிப்போடாதே. என் டீமில் தெலுங்குக்காரர், மலையாளி, பீகார்க்காரர், மங்களூர்க்காரர் எல்லாரும் இருக்கிறார்கள். எல்லாருமே அவரவர் ஊர் இங்கிலீஷைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆபீஸ் இவ்வளவுதான். வாரத்தைக் கவிழ்ப்பதெல்லாம் ஆறு மணிக்கு மேல் ஆரம்பிக்கிறது.

தங்குவதற்கு பி.ஜி.தான், அதாவது சாப்பாட்டோடு கட்டில் வாடகைக்குக் கிடைக்கிற பேயிங் கெஸ்ட் விடுதி. எலக்ட்ரானிக் சிட்டியில் நீலாத்ரி ரோடு, தொட்டதோகூர் பக்கம் தெருவுக்குப் பத்து பலகை தொங்கும். மூன்று பேர் தங்கும் அறையில் ஒரு கட்டிலுக்குச் சாப்பாட்டோடு மாதம் 8,000 முதல் 10,000 ரூபாய் வரை கேட்பார்கள். இரண்டு பேர் அறை என்றால் அதற்கு மேல். பணம் கட்டுவதற்கு முன்னால் குளியலறையைப் போய்ப் பார், மற்றதெல்லாம் பிறகு. அட்வான்ஸில் எவ்வளவு திரும்பி வரும் என்று கேள். ‘மெயின்டெனன்ஸ்’ என்று ஒரு தொகையைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள், எவ்வளவு என்பதை ரசீதில் எழுதி வாங்கிக்கொள். காலி செய்வதற்கு எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்றும் கேள். ஒரு மாதம் என்றால், இரண்டு மாதம் தங்கப்போகிற நீ முதல் மாதம் முடியும்போதே காலி செய்கிறேன் என்று வாட்ஸாப்பில் எழுத்தாகப் போட்டுவிட வேண்டும். நான் 2012-இல் வாயால் சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். கிளம்புகிற அன்று அப்படி எதுவும் சொல்லவில்லையே என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார் அந்த ஓனர். அது என் ஸ்டைபண்டில் பாதி.

தண்ணீர் எப்படி என்றும் விசாரி. 2024 கோடையில் இந்த ஊரில் போர்வெல்கள் வற்றி, பல பி.ஜி.க்களில் டேங்கர் வந்தால்தான் குளியல் என்று ஆனது. நம் கரிசல் பூமியில் பிறந்தவர்களுக்குக் குடத்துத் தண்ணீரில் குளிக்கத் தெரியும், அது வேறு விஷயம். ஆனால் துவைக்கத் தண்ணீர் இல்லாத ஞாயிற்றுக்கிழமை வந்தால் அடுத்த வாரம் முழுக்க ஆட்டம் காணும்.

துணியில் ஒரு சின்ன சூட்சுமம் இருக்கிறது. மே மாதக் கடைசியில் இங்கே சாயங்கால இடி மழை. ஜூன் பிறந்துவிட்டால் தென்மேற்குப் பருவக்காற்று, நாள் முழுக்க மூடிக்கொண்டு தூறும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர், ராத்திரியில் போர்வை கேட்கும். அருப்புக்கோட்டையில் காலையில் காயப்போட்டதை மத்தியானம் மடித்து வைத்துவிடுவோம். இங்கே சுடிதார் காய இரண்டு நாள், ஜீன்ஸ் காய மூன்று நாள். எட்டு செட் துணி கொண்டுவா, சனிக்கிழமை காலையிலேயே துவைத்துவிடு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துவைத்தவர்கள் செவ்வாய்க்கிழமை ஈர நாற்றத்தோடு லேபுக்கு வருவார்கள். கூடவே ஒரு பெரிய குடை, ஒரு ஸ்வெட்டர். லேப் ஏசி குளிருக்கும் அந்த ஸ்வெட்டர்தான்.

சாப்பாடு. இதில்தான் நம் பிள்ளைகள் முதலில் தோற்கிறார்கள். பி.ஜி.யில் காலை எட்டு மணிக்குத் தட்டில் எலுமிச்சைச் சாதம் வைப்பார்கள். சித்ரான்னம் என்று பெயர். காலையில் சோறா என்று முதல் வாரம் நீ வெறும் வயிற்றோடு கிளம்புவாய். பதினோரு மணிக்கு பிஸ்கட், ராத்திரி நூடுல்ஸ், இரண்டாம் வாரம் வயிறு. போயிற்றா ஒரு புதன்கிழமை! சாம்பாரில் வெல்லம் போடுவார்கள். கோபப்படாதே, அது அவர்கள் ஊர் சாம்பார், நம்முடையது அவர்களுக்குப் புளித்துத் தொலைக்கும். காலையில் பி.ஜி. பிடிக்காவிட்டால் வெளியே வா. நின்றுகொண்டே சாப்பிடுகிற சின்ன ஓட்டல்களை இங்கே தர்ஷினி என்பார்கள். தட்டை இட்லி, செட் தோசை, காராபாத் எல்லாம் சுடச்சுடக் கிடைக்கும். உப்புமாவும் கேசரியும் ஒரே தட்டில் வைத்தால் அதற்குப் பெயர் சௌசௌபாத். பிசிபேளாபாத்துக்கு மேல் காராபூந்தி தூவித் தருவார்கள், அதற்கு நான் பரம அடிமை. வீட்டிலிருந்து பருப்புப் பொடி, இட்லிப் பொடி, நல்லெண்ணெய் ஒரு பாட்டில், பூண்டு ஊறுகாய் எடுத்து வா. ஆறாம் வாரம் வரைக்கும் வருகிற அளவுக்கு எடுத்து வா, ஏனென்றால் அறையில் உள்ள மற்ற இரண்டு பேரும் மூன்றாம் நாளே உன் பொடியில் கை வைப்பார்கள்.

இன்னொன்று, முதல் திங்கள்கிழமை லேபுக்கு ஒரு கிலோ கடலை மிட்டாய் கொண்டுபோ. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள், நான் சொந்த ஊர்ப் பாசத்தில் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பாசமும்தான். சாத்தூர் காராச்சேவும் நன்றாகப் போகும். பெயர் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. மிட்டாய் கொடுத்த பெண்ணை எட்டு வாரமும் மறக்கமாட்டார்கள்.

பஸ்ஸில் ஒரு விஷயம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊர் டவுன் பஸ்ஸில் காசில்லாமல் ஏறிப் பழகியிருப்பாய். கர்நாடகத்திலும் 2023 ஜூன் முதல் பெண்களுக்கு இலவசப் பயணம் உண்டு, சக்தி திட்டம் என்று பெயர். ஆனால் அது கர்நாடகத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான். கண்டக்டர் ஆதாரைக் கேட்பார், விலாசம் விருதுநகர் மாவட்டம் என்று இருந்தால் டிக்கெட் எடுக்க வேண்டும். பக்கத்து சீட்டுப் பெண்மணி சும்மா போகிறாரே என்று வாக்குவாதம் செய்யாதே. ‘எஷ்டு?’ என்றால் எவ்வளவு, ‘பேக்கு’ என்றால் வேண்டும், ‘பேடா’ என்றால் வேண்டாம், ‘கொத்தில்லா’ என்றால் தெரியாது. இந்த நாலை வைத்து முதல் மாதத்தை ஓட்டிவிடலாம். கடைக்காரர் உன்னைப் பார்த்து ‘பன்னி, பன்னி’ என்பார். திட்டவில்லை, வாங்க வாங்க என்கிறார். முதல் தடவை கேட்டபோது நான் பாதி ரோட்டைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஊருக்குள் போய்வர இப்போது சுகம். நான் வந்தபோது மெட்ரோ பையப்பனஹள்ளியிலிருந்து எம்.ஜி. ரோடு வரைக்கும்தான் ஓடியது. எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து கிளம்பினால் சில்க் போர்டு சந்திப்பில் பஸ் நிற்கும் பார், அதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். மத்திய பட்டு வாரியத்தின் ஆபீஸ் அங்கே இருப்பதால் அந்தப் பெயர். பட்டுக்கும் அந்தச் சந்திப்புக்கும் வேறு எந்தச் சம்பந்தமும் இல்லை. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரைக்கும் மஞ்சள் வழித்தடம் திறந்த பிறகு அந்தச் சந்திப்புக்கு மேலேயே பறந்து போய்விடலாம்.

பணம். ஸ்டைபண்ட் மாதம் முடிந்து, அடுத்த மாதம்தான் கையில் வரும். பேங்க் விவரத்தில் ஒரு எழுத்துத் தப்பினால் அதற்கும் அடுத்த மாதம். வாடகை, அட்வான்ஸ், வாளி, மக், தலையணை, மெட்ரோ கார்டு எல்லாம் சேர்த்து முதல் 45 நாளுக்கு ஏறக்குறைய 25,000 ரூபாய் தேவைப்படும். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடு. நடுவில் திடீரென்று கேட்டால் அப்பா யாரிடமாவது கைமாற்று வாங்க வேண்டியிருக்கும். உனக்கு ஸ்டைபண்ட் உண்டா என்று நீ எழுதவில்லை. இல்லையென்றாலும் வேலை நல்லதாக இருந்தால் வரலாம், அது வீட்டுச் சக்தியைப் பொறுத்தது. ஆனால் ரிஜிஸ்ட்ரேஷன் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று உன்னிடம் பணம் கேட்டிருந்தால் அது இன்டர்ன்ஷிப்பே இல்லை, சான்றிதழ் வியாபாரம். வராதே.

இப்போது வாராவாரம் ஊருக்கு வரலாமா என்ற கேள்வி. உனக்குத் தோதாக ராத்திரி ரயில்கள் இருக்கின்றன. மைசூரிலிருந்து தூத்துக்குடி போகும் எக்ஸ்பிரஸும், பெங்களூரிலிருந்து நாகர்கோவில் போகும் எக்ஸ்பிரஸும் ஓசூர் வழியாக வந்து விருதுநகரில் நிற்கும். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஊருக்குள் போய் ரயில் ஏறுவதைவிட, அத்திப்பள்ளி பக்கம் பஸ் பிடித்து ஓசூரில் ஏறுவது லேசு. அதனால்தான் ஆசை வரும். ஒரு பையன் இருந்தான், ஆறு வாரமும் திண்டுக்கல்லுக்குப் போய்வந்தான். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே பையை மாட்டிக்கொண்டு வாட்சைப் பார்ப்பான். திங்கள்கிழமை விடிகாலை ரயில் இறங்கி, குளித்தும் குளிக்காமலும் மீட்டிங்கில் உட்கார்ந்து கொட்டாவி விடுவான். திங்களும் வெள்ளியும் எப்படியும் அரை நாள்தானே, போனால் என்ன என்று கேட்பாய். பயணச் சோர்வு திங்களோடு நிற்பதில்லை. செவ்வாய் மத்தியானம் வரை அவன் கண் சிவந்துதான் இருக்கும். பதினெட்டில் மூன்று நாள் அப்படியே கழிந்தது. பணமும் போயிற்று.

ஒரே ஒரு தடவை போ, நாலாம் வாரக் கடைசியில். டிக்கெட்டை முன்னாலேயே எடுத்துவிடு. ரயில்வேயில் 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. உன் எட்டு வாரம் 56 நாள். ஆக, வேலையில் சேருகிற அன்றைக்கே கடைசியாக ஊர் திரும்புகிற டிக்கெட்டைக்கூட எடுத்துவிடலாம். நான் அப்படித்தான் எடுத்து, மடித்து, பர்ஸுக்குள் வைத்துக்கொண்டேன். மோசமான நாட்களில் எடுத்துப் பார்ப்பேன்.

ஊர் ஞாபகம் தாங்கவில்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூருக்குப் போய்வா. அரை மணி ஒரு மணி நேரத்தில் எல்லை தாண்டிவிடலாம். தமிழில் பலகை, காரமான சாம்பார், டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் காசு கேட்கமாட்டார். புரோட்டா நம் விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டா மாதிரி இருக்காது, அதை மட்டும் எதிர்பார்க்காதே.

மற்ற சனிக்கிழமைகளில் ஊரைப் பார். இ.சி.இ. படிக்கிற உனக்கு முதல் சனிக்கிழமை எஸ்.பி. ரோடு. எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைத்தெரு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அண்ணன் முறை. ஆர்.வி. ரோட்டில் பச்சை வழித்தடத்துக்கு மாறி சிக்பேட்டையில் இறங்கினால் நடக்கிற தூரம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும், சனிக்கிழமையே போ. ரெசிஸ்டரைப் பையில் அள்ளி எடை போட்டுத் தருகிறவரைப் பார்த்தபடி அரைநாள் நிற்கலாம். அதே வழித்தடத்தில்தான் லால்பாக் பூங்கா, அங்கே இருக்கிற பாறையின் மேல் ஏறி உட்கார்ந்தால் போதும். கஸ்தூர்பா ரோட்டில் 1962-இல் திறந்த விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம் இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் கூட்டத்துக்கு நடுவே நீயும் விசையைத் திருப்பிப் பார்க்கலாம். அல்சூர் ஏரிக்கரையில் ஒரு திருவள்ளுவர் உண்டு. 1991-இல் கொண்டுவந்து வைத்து, 18 வருஷம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில் திறந்தார்கள். பதிலுக்குச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞருக்குச் சிலை. அல்சூர்ப் பக்கமெல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள்தான். பூக்கடையில் தமிழிலேயே பேரம் பேசலாம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தத் திட்டமும் வேண்டாம். தூங்கு, தலைக்கு எண்ணெய் வை, கல்லூரி லாக் புக்கை எழுது. அந்த லாக் புக்கில் வாராவாரம் கையெழுத்து வேண்டும் என்று கல்லூரியில் சொல்லியிருப்பார்கள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு முன்னால் வாங்கிவிடு. எட்டு வாரத்துக்கும் சேர்த்துக் கடைசி நாளில் நீட்டினால் கையெழுத்துப் போடுகிறவருக்கே கூச்சமாக இருக்கும். இரண்டாம் வாரமே இன்னொன்றையும் கேட்டுவிடு: ரிப்போர்ட்டில் எதையெல்லாம் போடலாம்? சர்க்யூட் படம், போர்டு போட்டோ எதுவும் வெளியே போகக் கூடாது என்பார்கள். கல்லூரியில் 40 பக்கம் கேட்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கடைசி வாரத்தில் அழுத பிள்ளைகள் உண்டு. அளந்த முறை, நீயே எழுதிய புரோகிராம், பொதுவான விளக்கப்படம் இவற்றுக்கு அனுமதி கிடைக்கும். லேபுக்குள் செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இரண்டாம் வாரம் புதன் அல்லது வியாழன் சாயங்காலம் ஒரு மாதிரியாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். முதல் வாரத்துப் புதுமை தீர்ந்திருக்கும், வேலை இன்னும் பிடிபட்டிருக்காது, வெளியே தூறிக்கொண்டிருக்கும், அறைத்தோழி ஹிந்தியில் யாரிடமோ போனில் சிரித்துக்கொண்டிருப்பாள். நான் அன்றைக்கு மொட்டை மாடியில் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அப்போதெல்லாம் வெளி மாநிலத்தில் போன் வந்தாலே ரோமிங் காசு. அம்மா ஒன்பது மணிக்குக் கூப்பிட்டு, சாப்பிட்டியா என்று கேட்டு, காசு போகும் வை என்று வைத்துவிடுவார். உனக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வீடியோ காலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிடாதே, வைத்த பிறகு இன்னும் கனக்கும். இருபது நிமிஷம் பேசிவிட்டு, கீழே போய் யாரோடாவது டீ குடி. அந்தத் தளத்தில் இன்னும் நாலு இன்டர்ன் இருப்பார்கள், அவர்களுக்கும் அது இரண்டாம் வாரம்தான்.

அம்மாவைத் தாராளமாக வரச் சொல். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள், சனிக்கிழமை காலையில் வந்து இறங்குவதுபோல் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் பி.ஜி.யில் தாயாரை ஒரு ராத்திரி தங்க விடுவார்கள், ஏதோ கொஞ்சம் பணம் கேட்பார்கள். அட்வான்ஸ் பேசும்போது அம்மா பக்கத்தில் இருந்தால் உனக்கு லாபம். நாம் கேட்கக் கூச்சப்படுகிற கேள்வியையெல்லாம் அவர் கேட்டுவிடுவார். ராத்திரிச் சாப்பாட்டை அவரோடு அங்கேயே சாப்பிடு. வெல்லச் சாம்பாரை அவரே ருசி பார்த்துவிட்டால் போனில் தினமும் அதை விளக்க வேண்டியதில்லை. ஆபீஸ் வாசல், பஸ் ஸ்டாப், மருந்துக்கடை மூன்றையும் நடந்தே காட்டு. ஞாயிறு சாயங்காலம் ஓசூரில் ரயில் ஏற்றிவிட்டு உடனே திரும்பிவிடு.

அலமாரிக்குப் பூட்டு வீட்டிலிருந்தே வாங்கி வா. இரண்டு சாவி இருக்கும், ஒன்றை அம்மாவிடம் கொடுத்து அனுப்பு. தொலைந்தால் பூட்டை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான், அருப்புக்கோட்டையில் இருக்கிற சாவியால் உனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. என் அம்மா 2012-இல் வாங்கிப் போன சாவியை இன்னும் சாமி மாடத்தில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அந்தப் பூட்டு எங்கே போனது என்று எனக்கே தெரியாது.